அடுப்பில் இருந்து கூரை வரை: ஒரு புகைக்குழாயின் வரலாறு

செங்கோட்டையில் இருந்து கொல்லம் போகும் சாலையில், தமிழ்நாடு முடிவதற்குச் சற்று முன்னால் வருகிற ஊர் புளியறை. வெளியூர்க்காரர்களுக்கு அது தட்சிணாமூர்த்தி கோயில் உள்ள ஊர். லாரிக்காரர்களுக்கு அது சோதனைச் சாவடி உள்ள ஊர். ஆனால் இந்தக் கட்டுரை கோயிலைப் பற்றியும் இல்லை, சாவடியைப் பற்றியும் இல்லை. அங்கே அடிக்கிற காற்றையும், அந்தக் காற்றில் எரிய வேண்டிய விறகு அடுப்பையும், அந்த அடுப்பில் மாட்ட வேண்டிய ஒரு குழாயையும் பற்றியது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஜூன், ஜூலை மாதங்களில் வெயிலில் காயும்போது, தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் சாரல் அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக உள்ளே நுழைவதுதான் காரணம். குளிக்க வருபவர்களுக்கு அது சீசன். விறகு அடுப்பில் சமைப்பவர்களுக்கோ அது ஈர விறகுக் காலம். ஈர விறகு நன்றாக எரியாது, புகையும். அந்தப் புகை வெளியே போக வேண்டும் என்றால் ஒரு குழாய் வேண்டும். அது என்ன குழாய்? எத்தனை அங்குலம்? எங்கே வளைப்பது? எவ்வளவு உயரம் தூக்குவது?

கேட்பதற்குச் சின்னக் கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்குப் பதில் தேடி காந்தியவாதிகள், பொறியாளர்கள், மத்திய அரசு, கேரளத்து அறிவியல் இயக்கம் என்று பலரும் பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் அடுப்புகளும் கட்டப்பட்டன. அப்படியும் பல வீடுகளில் புகை போகவில்லை. ஏன் என்பதுதான் இந்த வரலாறு.

குழாய் இல்லாத காலம்

நம் ஊர் அடுப்புக்குக் குழாய் கிடையாது. மூன்று குமிழ், நடுவில் தீ, அவ்வளவுதான். ஆனால் நம் முன்னோர்களுக்குச் சூடான காற்றை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போகத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கொடியடுப்பைப் பாருங்கள். பெரிய அடுப்பின் பக்கவாட்டில் ஒரு துளை விட்டு, அதை ஒட்டி இன்னொரு வாய் வைத்திருப்பார்கள். முதல் அடுப்பில் எரியும் நெருப்பின் சூடு அந்தத் துளை வழியாகப் போய் இரண்டாவது பாத்திரத்தைச் சூடாக்கும். சோறு ஒரு பக்கம் கொதிக்க, குழம்பு இன்னொரு பக்கம் சூடாறாமல் இருக்கும். இணைப்புக் குழாயின் பாட்டி இந்தத் துளைதான் என்று தாராளமாகச் சொல்லலாம். ஒரே குறை, கொடி அங்கேயே முடிந்துவிடும். புகை அடுக்களைக்குள்ளேயே இறங்கிவிடும்.

அந்தப் புகைக்கும் வேலை இருந்தது. ஓட்டு இடுக்குகள் வழியாக அது மெதுவாக வெளியேறும். போகிற வழியில் கூரை மரத்தில் பூச்சி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஓலைக் கூரை சீக்கிரம் மக்கிப் போகாது. பரணில் கட்டித் தொங்கவிட்ட விதைகளுக்கு வண்டு வராது. சாரல் காலத்தில் அடுப்புக்கு மேலே அடுக்கிய விறகு காய்ந்துவிடும். வசதியான வீடுகளில் அடுக்களைக்கு மேலே புகைக்கூண்டு என்று ஒரு திறப்பு வைத்தார்கள். மற்ற வீடுகளில் ஊதாங்குழலும் கண்ணீரும்தான்.

இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பிற்காலத்தில் புகைக்குழாய் கொண்டு வந்தவர்கள் பலர் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. புகையை வெளியே அனுப்பினால் விறகு எங்கே காயும், கூரை என்ன ஆகும் என்று வீட்டுக்காரர்கள் கேட்டது பிடிவாதம் அல்ல. அதில் நியாயம் இருந்தது.

ஃபிராங்க்ளின் சறுக்கிய இடம்

குழாயில் சறுக்கியவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1740களில் இரும்பில் ஒரு கணப்பை வடிவமைத்தார். 1744ல் அதைப் பற்றிச் சிறு நூலும் எழுதினார். விறகின் சூடு வீணாகக் கூடாது என்பதற்காக, புகையை முதலில் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றினார். கணக்கு சரிதான். ஆனால் புகை கீழே இறங்கச் சம்மதிக்கவில்லை! குழாய் நன்றாகச் சூடாக இருந்தால்தான் அது இழுத்தது. கொஞ்சம் ஆறினாலும் புகை அறைக்குள் திரும்பியது. பிறகு டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற வானியல் அறிஞர், புகை இறங்கும் பாதையை விட்டுவிட்டு, 'ட' வடிவில் வளைந்த ஒரு சாதாரணக் குழாயைப் பொருத்தினார். அதற்குப் பிறகுதான் அந்த அடுப்பு ஒழுங்காக வேலை செய்தது. இன்றும் உலகம் அதை ஃபிராங்க்ளின் அடுப்பு என்றுதான் சொல்கிறது. குழாய் போட்டவர் பெயர் பலருக்குத் தெரியாது!

1796ல் கவுன்ட் ரம்ஃபோர்டு, புகைபோக்கியின் கழுத்துப் பகுதியைக் குறுக்கினால் புகை நன்றாக மேலே போகும் என்று எழுதினார். பெரிய துளைதான் நல்ல துளை என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது. அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

வார்தாவும் ஹைதராபாத்தும்

இந்தியாவில் புகையில்லா அடுப்பைப் பற்றி யோசித்த முதல் இடங்களில் ஒன்று வார்தாவில் உள்ள மகன்வாடி. 1934ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் அங்கேதான் இயங்கியது. அதை நடத்தியவர் தஞ்சாவூரில் 1892ல் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் தணிக்கையாளர் படிப்பு, அமெரிக்காவில் வணிக நிர்வாகமும் பொது நிதியும் என்று படித்தவர். கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். கணக்குப் படித்த ஒருவர் செக்கு, உரல், அடுப்பு என்று இறங்கியது அந்தக் காலத்தில் பலருக்கு வேடிக்கையாகத் தெரிந்திருக்கும். ஆனால் கிராமத்து வீட்டின் வரவு செலவு அடுப்பில்தானே தொடங்குகிறது!

மகன்வாடியில் உருவான அடுப்புக்கு 'மகன் சூலா' என்று பெயர். தமிழில் படித்தால் பிள்ளை ஞாபகம் வரும். உண்மையில் அது காந்தியின் உறவினர் மகன்லால் காந்தியின் பெயர். மண்ணால் கட்டிய அடுப்பு, உள்ளே சூடு போகும் பாதை, முடிவில் புகைக்குழாய். நம் கொடியடுப்போடு ஒரு குழாயைச் சேர்த்தது போல என்று சொன்னால் புரியும்.

அடுத்த பெயர் எஸ்.பி. ராஜு. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1953ல் அவர் எழுதிய 'ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் தி மில்லியன்ஸ்' என்ற சிறு நூலைச் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையற்ற அடுக்களை என்பதுதான் தலைப்பின் பொருள். அவருடைய அடுப்பில் பல வாய்கள், புகைக்குழாய், அதோடு குழாயின் இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தடுப்புத் தகடு. இந்தத் தகடு முக்கியமானது. குழாய் குறைவாக இழுத்தால் புகை வீட்டுக்குள் வரும். அதிகமாக இழுத்தாலோ பாத்திரத்துக்குப் போக வேண்டிய சூடு கூரை வழியாகப் போய்விடும். விறகு செலவு ஏறும். ஆக, நல்ல குழாய் என்றால் நிறைய இழுக்கிற குழாய் என்று பொருள் இல்லை.

1974ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டி தொடங்கிய 'அஸ்த்ரா' அமைப்பு கிராமங்களுக்கான தொழில்நுட்பங்களை ஆராய்ந்தது. அங்கே 1980களில் உருவான 'அஸ்த்ரா ஒலெ' மூன்று பாத்திர அடுப்பு. ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. ஆய்வகத்தில் அதன் எரிதிறன் 40 சதவீதத்தைத் தாண்டியது.

கோடிக்கணக்கில் அடுப்பு

1983ல் சோதனையாகத் தொடங்கி, 1985ல் இருந்து முழு அளவில் நடந்தது மத்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம். செலவில் ஒரு பகுதி மானியம். 2002ல் திட்டம் முடிவுக்கு வந்தபோது நாடு முழுவதும் சுமார் 3.5 கோடி அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. எண்ணைப் பார்த்தால் பெரிய வெற்றி!

ஆனால் கள நிலவரம் வேறு. எத்தனை அடுப்பு கட்டினோம் என்பதுதான் இலக்கு. கட்டிய அடுப்பு அடுத்த வருஷம் எரிகிறதா என்பது இலக்கில் இல்லை. வீட்டுப் பாத்திரத்தின் அளவும் அடுப்பு வாயின் அளவும் பொருந்தாத இடங்கள் உண்டு. குழாய் கூரைக்கு வெளியே போதிய உயரம் போகாத வீடுகள் உண்டு. விரிசல் விட்ட குழாயை மாற்ற ஆள் கிடைக்காத ஊர்களும் உண்டு. அடைத்துப்போன குழாய் உள்ள 'புகையில்லா அடுப்பு', குழாயே இல்லாத அடுப்பை விட மோசம். அதில் தீயும் சரியாக எரியாது.

அதே 1980களில் சீனாவும் இதே வேலையைச் செய்தது. அங்கே 10 கோடிக்கு மேல் அடுப்புகள். செலவில் பெரும்பகுதியை வீட்டுக்காரர்களே கொடுத்தார்கள். அரசு பயிற்சிக்கும், தரத்துக்கும், உதிரிப் பொருள் செய்யும் தொழிலுக்கும் அதிகம் கவனம் கொடுத்தது. காசு கொடுத்து வாங்கியவர் அதைப் பார்த்துக்கொள்வார் என்பது பழைய வணிகப் பாடம்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

புளியறைக்காரர்களுக்குக் கேரளம் தூரம் இல்லை. செங்கோட்டைப் பகுதியே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததுதான். மலைக்கு அந்தப் பக்கத்தில், 1962ல் தொடங்கிய கேரள சாஸ்த்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் 1980களில் 'பரிஷத் அடுப்பு' என்ற ஒன்றைப் பரப்பியது. அவர்கள் செய்தது அடுப்பு விற்பனை மட்டும் இல்லை. விறகு ஏன் எரிகிறது, ஏன் புகைகிறது, காற்று எங்கிருந்து வர வேண்டும் என்பதை வீட்டுக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் காடு குறைந்து வந்த காலம் அது. விறகை மிச்சப்படுத்துவதும் காட்டைக் காப்பதும் ஒன்றுதான் என்ற பேச்சு அங்கே எடுபட்டது. வீட்டில் உள்ளவர்களுக்கு அடுப்பின் காரணம் புரிந்தால் குழாய் அடைத்தபோது அவர்களே கையில் எடுப்பார்கள்.

சரி, எந்தக் குழாய்?

இப்போது கேள்விக்கு வருவோம். ஒருவர் தன் வீட்டில் தானே குழாய் மாட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பொருள். சுட்ட மண் குழாய் மலிவு, சூடு தாங்கும், ஆனால் கனம், உடையும். திட்டக் காலத்தில் அதிகம் பயன்பட்டது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய். ஓலைக் கூரை வழியாகப் போனாலும் இரும்பு அளவுக்கு வெளிப்புறம் கொதிக்காது, துருப் பிடிக்காது, விலை குறைவு. ஆனால் அதிக சூட்டில் அது விரிசல் விடும். அதை விடப் பெரிய பிரச்சினை அதன் தூசி. ஆஸ்பெஸ்டாஸ் இழை புற்றுநோய் உண்டாக்கும் என்பது இன்று உறுதியான விஷயம். 1995ல் உச்ச நீதிமன்றமே ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் நலம் குறித்து முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. நுரையீரலைக் காப்பாற்ற மாட்டிய குழாயை ரம்பத்தால் அறுத்தவரின் நுரையீரல் என்ன ஆயிற்று என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. இன்று புதிதாக மாட்டுபவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. பழைய குழாய் இருந்தால் அறுக்கவும் உடைக்கவும் கூடாது.

தகரக் குழாய் சீக்கிரம் சூடாகும். அதனால் சீக்கிரம் இழுக்கத் தொடங்கும். துத்தநாகம் பூசிய தகட்டை அடுப்பு வாய்க்கு ஒட்டியே வைக்கக் கூடாது. பூச்சு கெட்டுப்போகும். முதல் சில அடிகளுக்குப் பூச்சில்லாத இரும்பு நல்லது. பிவிசி பைப்பை நினைக்கவே வேண்டாம். அது 80 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகும்.

அடுத்தது அளவு. 3 அங்குலத்துக்கும் 4 அங்குலத்துக்கும் ஓர் அங்குலம்தான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் புகை போவது பரப்பளவில். 3 அங்குலக் குழாயின் பரப்பளவு 4 அங்குலக் குழாயில் 56 சதவீதம்தான். 75 மில்லிமீட்டர் குழாயின் உட்புறம் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் கரி படிந்தால் வழியில் 30 சதவீதம் போய்விடும்.

மூன்றாவது உயரமும் சூடும். சூடான காற்று லேசானது, அதனால் மேலே போகிறது. வெளியே 30 டிகிரியும் குழாய்க்குள் 150 டிகிரியும் இருந்தால், 3 மீட்டர் உயரக் குழாய் இழுக்கிற விசை சுமார் 10 பாஸ்கல். அதாவது ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்! அடுக்களையில் உள்ள மொத்தப் புகையையும் வெளியேற்றுவது இந்த ஒரு மில்லிமீட்டர்தான். ஈர விறகால் புகையின் சூடு 60 டிகிரிக்கு இறங்கினால் இழுப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சாரல் காலத்தில், கணவாய்க் காற்று குழாயின் வாயில் மோதும் நாளில், மிச்சமிருக்கும் அந்தப் பங்கும் தோற்றுப்போகும். புளியறை மாதிரி ஊரில் குழாயின் தலையில் மூடி அவசியம் என்பது இதனால்தான். குழாய் கூரையைத் தாண்டி 3 அடியாவது நிற்க வேண்டும், 10 அடிச் சுற்றளவில் உள்ள எதையும் விட 2 அடி உயரமாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் விதி. காற்று எல்லா நாட்டிலும் ஒன்றுதான். விதி இங்கேயும் செல்லும்.

நான்காவது வளைவு. முடிந்தவரை நேராகப் போக வேண்டும். வளைக்க வேண்டி வந்தால் ஒரே 90 டிகிரி வளைவை விட இரண்டு 45 டிகிரி வளைவுகள் மேல். படுக்கையாகப் போகும் பகுதி குறைவாக இருக்க வேண்டும், அதுவும் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கிச் சாய்வாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது இணைப்பு. தகரக் குழாயில் ஒரு முனை சுருக்கி மடித்திருக்கும். பலரும் அதை மேலே பார்த்து வைத்துவிடுகிறார்கள். சுருக்கிய முனை அடுப்பைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். புகையில் உள்ள ஈரமும் தாரும் குழாயில் குளிர்ந்து வழியும்போது, அப்படி இருந்தால்தான் உள்ளேயே இறங்கி அடுப்புக்குப் போகும். தலைகீழாக வைத்தால் மூட்டு வழியாக வெளியே ஒழுகிச் சுவரில் கறுப்புக் கோடு போடும். அந்தத் தார் கெட்டியாகப் படிந்தால் ஒருநாள் அதுவே தீப்பிடிக்கவும் கூடும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் 18 அங்குல இடைவெளி வேண்டும் என்பதும் அமெரிக்க விதி. நம் ஓலையும் மூங்கிலும் அந்தப் பட்டியலில்தான் வரும்.

மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு

இவ்வளவும் சரியாகச் செய்தால் போதுமா? ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள், புகைக்குழாய் உள்ள மண் அடுப்பு கட்டிக்கொடுக்கப்பட்ட சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை கவனித்தார்கள். 2016ல் வெளியான முடிவு இது: முதல் ஆண்டில் சமைப்பவர் சுவாசிக்கும் புகை குறைந்தது. பிறகு அந்த நன்மை காணாமல் போனது. காரணம், அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை, குழாயைச் சுத்தம் செய்யவில்லை.

கணக்குப் பாடத்தில் முதல் வருஷமே வருகிற பாகுபாடு இது. ஒரு சொத்தை வாங்குவது மூலதனச் செலவு. அதை ஓட்டுவது வருவாய்ச் செலவு. 3.5 கோடி அடுப்புத் திட்டம் முதலாவதை எழுதியது, இரண்டாவதை எழுதவில்லை. ஆனால் செலவு நிற்குமா? எழுதப்படாத செலவை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் செய்கிறார். இங்கே கொடுத்தவர் சமைக்கிற பெண். கூரை மேல் ஏறிக் குழாயைக் குத்திவிட வேண்டியது வீட்டு ஆண்களின் வேலையாக இருந்தது, புகையைக் குடிப்பது பெண்களின் வேலையாக இருந்தது. வேலை செய்ய வேண்டியவர் ஒருவர், நஷ்டப்படுபவர் இன்னொருவர் என்றால் அந்த வேலை நடக்காது.

அந்த நஷ்டத்தின் அளவும் தெரியாமல் இல்லை. கிர்க் ஸ்மித் என்ற அறிஞரும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்து 1983லேயே எழுதினார்கள். தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் அளந்தார்கள். வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

கேஸ் வந்த பிறகு

2006 தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்பு, 2016ல் இருந்து நாடு முழுவதும் உஜ்வலா திட்டம். புகைக்குழாயை நேராக்குவதை விட அடுப்பையே மாற்றிவிடுவது நல்ல வழி என்பதில் சந்தேகம் இல்லை. குழாய் போட்டாலும் புகை தெருவுக்குத்தான் போகிறது, மறைந்துவிடுவதில்லை. ஆனாலும் சிலிண்டர் விலை ஏறும்போது விறகு திரும்பி வருகிறது. வெந்நீர் போட, நெல் அவிக்க, பலகாரம் சுட, கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பு இருக்கத்தான் செய்கிறது. அது இருக்கும் வரை குழாயும் வேண்டும்.

ஆகவே குழாய் வாங்கக் கடைக்குப் போகிறவர், 4 அங்குலக் குழாய், இரண்டு 45 டிகிரி வளைவு, ஒரு மூடி ஆகியவற்றோடு, நீளமான கம்பியில் கட்டிய ஒரு பிரஷ்ஷையும் பில்லில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மே மாதக் கடைசியில், புளியறையில் முதல் சாரல் விழுவதற்கு முன்னால், கூரை காய்ந்திருக்கும்போதே ஏறி ஒருமுறை குழாயைக் குத்திவிட வேண்டும். ஏறப் போவது யார் என்பதையும் குழாய் வாங்கும் அன்றே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.